ஊரில் விட்டுவந்த எதிரி

வட்டுக்கோட்டை என்றதும் தமிழ் வாசகர்களுக்கு இரண்டு ஆண்டுகள் நினைவுக்கு வரும். ஒன்று 1823. அமெரிக்க மிசனரிமார் இவ்வூரில் உயர்கல்விக்கென ஒரு செமினரியைத் தொடங்கிய ஆண்டு அது. மற்றது 1976. அவ்வாண்டு மே 14ஆம் திகதி பண்ணாகத்தில் கூடிய மாநாட்டின் தீர்மானம் இவ்வூரின் பெயரை உலகப் பத்திரிகைகள் வரை கொண்டுசென்றது. இவ்விரண்டையும் பற்றி எழுத ஆட்கள் குறைவில்லை. பத்திரிகையில் இருந்த காலத்தில் நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். இம்முறை எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. இதில் தலைவர்கள் இல்லை. ஒரு செடி இருக்கிறது, ஒரு மீன் இருக்கிறது, இரண்டும் தத்தம் ஊரில் விட்டுவந்த எதிரிகள் இருக்கின்றன.

செடியின் பெயர் பார்த்தீனியம். சித்தங்கேணியில் இருந்து அராலி வரை எந்த ஒழுங்கையில் நடந்தாலும், வேலியோரத்திலும் வெறுங்காணியிலும் சிறு வெள்ளைப் பூக்களோடு நிற்பதைக் காணலாம். அதன் தாயகம் மெக்சிக்கோ வளைகுடாவைச் சூழ்ந்த நிலப்பரப்பு என்பது தாவரவியலாளரின் பொதுவான கருத்து. மீனின் பெயர் சிங்கமீன். உடலெங்கும் செந்நிற வரிகளும், விசிறி போல விரியும் செட்டைகளும், முதுகில் நச்சு முட்களும் கொண்ட அழகிய மீன். அதன் தாயகம் இந்து சமுத்திரமும் பசிபிக் சமுத்திரமும். இலங்கையைச் சுற்றிய பவளப் பாறைகளும் அதற்குள் அடங்கும். அந்த மீன் இன்று மெக்சிக்கோ வளைகுடாவில் பெருகிக் கிடக்கிறது. அங்கிருந்து ஒரு செடி எங்கள் வேலிக்கு வந்தது; எங்கள் பக்கத்துக் கடல்களில் இருந்து ஒரு மீன் அங்கே போனது. இரண்டும் போய்ச்சேர்ந்த இடத்தில் கேட்பாரின்றிப் பெருகின. ஏன் என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மீனைப் பார்ப்போம். சிங்கமீனில் பல இனங்கள் உண்டு. அவற்றுள் உலகச் செய்திகளில் அடிபடுபவை இரண்டு: தெரோயிஸ் வொலிற்றான்ஸ், தெரோயிஸ் மைல்ஸ். இரண்டாவது இனத்துக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது இலங்கையில் பிடிபட்ட மீனில் இருந்துதான். இங்கே பணியாற்றிய பிரித்தானிய அதிகாரியான ஜோன் விற்சேர்ச் பெனற் என்பவர், இலங்கைக் கரையோர மீன்களை வண்ணப் படங்களோடு விவரிக்கும் நூலொன்றை 1828இல் லண்டனில் வெளியிடத் தொடங்கினார். அதில் இந்த மீனுக்கு அவர் இட்ட பெயர் மைல்ஸ். லத்தீன் மொழியில் அதன் பொருள் போர்வீரன். வட்டுக்கோட்டைச் செமினரி மாணவர்கள் வானசாத்திரமும் கணிதமும் கற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இதே தீவில் ஒருவர் மீன்களுக்கு முன்னால் அமர்ந்து செட்டை முட்களை எண்ணிக்கொண்டிருந்தார். முதுகில் 13, குதப் பக்கத்தில் 3, வயிற்றுச் செட்டைகளில் 2 என மொத்தம் 18 நச்சு முட்கள்.

பெயர் போர்வீரன் என்றாலும், இலங்கைக் கடலில் இந்த மீன் எவரையும் வென்றதில்லை. மன்னார் வளைகுடாவிலும் திருகோணமலையிலும் தென்கரையிலும் பாறை இடுக்குகளில் ஒன்றும் இரண்டுமாக வாழ்கிறது. வலையில் சிக்கினால் மீனவர்கள் முள்ளுக்குப் பயந்து கவனமாகக் கழற்றிவிடுவார்கள். அதற்கு மேல் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அத்திலாந்திக்கில் நிலைமை வேறு. 1985இல் புளோரிடாக் கரையில் டேனியா என்ற இடத்தருகே ஒரு சிங்கமீன் பிடிபட்டது. வளர்ப்புத் தொட்டியில் இருந்து யாரோ கடலில் விட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளரின் முடிவு. அலங்கார மீன் வியாபாரத்தில் சிங்கமீனுக்கு நல்ல கிராக்கி. ஆனால் வளர வளர அது தொட்டியில் உள்ள மற்ற மீன்களை விழுங்கிவிடும். உரிமையாளருக்கு அலுத்துப் போகும். கொல்ல மனம் வராமல் கடலில் விடுவார். 2000ஆம் ஆண்டளவில் வட கரோலைனாவிலும் பெர்மியூடாவிலும் காணப்பட்டது. 2004இல் பகாமாஸ், அடுத்து கியூபா, பத்தாண்டு முடியுமுன் மெக்சிக்கோ வளைகுடா, 2014இல் பிரேசில். அத்திலாந்திக்கில் பெருகியவற்றில் மிகப் பெரும்பங்கு வொலிற்றான்ஸ் இனம். எங்கள் மைல்ஸ் சிறுபங்கு.

மைல்ஸ் தன் பங்குக்கு வேறு திசையில் சென்றது. 1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய் செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைத்தது. 1991இல் இஸ்ரேல் கரையில் ஒரு மைல்ஸ் பிடிபட்டது. பிறகு இருபது ஆண்டுகள் சத்தமில்லை. 2012இல் லெபனானில் மீண்டும் காணப்பட்டது. அதன்பின் சைப்பிரஸ், துருக்கி, கிரேக்கம் என்று வேகமாகப் பரவியது. பெனற் 1828இல் பெயரிட்ட போர்வீரன், 184 ஆண்டுகளுக்குப் பின்னர் உண்மையாகவே அணிவகுக்கத் தொடங்கினான்.

இந்த மீன் செய்யும் சேதத்துக்கு ஓர் அளவு சொல்ல வேண்டும். பகாமாசில் சிறு பவளத் திட்டுகளில் நடந்த பரிசோதனை ஒன்றின் முடிவு 2008இல் வெளியானது. சிங்கமீன் இருந்த திட்டுகளில் புதிதாக வந்துசேரும் குஞ்சு மீன்களின் தொகை ஐந்தே வாரங்களில் ஏறத்தாழ 79 வீதம் குறைந்திருந்தது. ஒரு பெண் மீன் ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் வரை முட்டையிடக் கூடியது. செட்டைகளை விரித்துச் சிறு மீன்களை மூலைக்குத் தள்ளிச் சென்று விழுங்குவது அதன் வேட்டை முறை. இப்படியொரு மிருகத்தை அந்தக் கடலின் சிறு மீன்கள் முன்பு கண்டதில்லை. கண்டிராததால் ஓடவும் தெரியவில்லை.

அக்காலத்தில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் தகவல்களைத் தமிழாக்கும் மேசையில் இருந்தவன் நான். ‘படையெடுப்பு’, ‘ஆக்கிரமிப்பு’, ‘கொலைகார மீன்’ என்று தலைப்புகள் வரும். எங்கள் பக்கத்தில் அந்தச் சொற்களுக்கு வேறு கனம் உண்டு. மீனுக்கு அவற்றைப் போடக் கை தயங்கும். மேலும் அச்சொற்கள் நடந்ததைச் சொல்லவுமில்லை. மீன் எங்கும் படையெடுக்கவில்லை. மனிதன் அதைக் கொண்டுபோனான், அல்லது அதற்குக் கால்வாய் வெட்டிக் கொடுத்தான். கொண்டுபோனபோது மீனை மட்டும் கொண்டுபோனான். அதை அடக்கி வைத்திருந்தவை அதன் ஊரிலேயே நின்றுவிட்டன.

அடக்கி வைத்திருந்தவை எவை? செங்கடலின் அக்காபா வளைகுடாவில் பிடிபட்ட குழல்மீன் ஒன்றின் வயிற்றில் சிங்கமீன் இருந்ததை 1991இல் வெளியான குறிப்பொன்று பதிவுசெய்தது. வால் பக்கமாக விழுங்கினால் முட்கள் மடிந்து கொடுக்கும். பெரிய அஞ்சாளை சிங்கமீனைத் தின்பதைச் சுழியோடிகள் கண்டிருக்கிறார்கள். கலவாய் தின்னும், சுறா தின்னும். அண்மைக் காலத்தில் சைப்பிரஸ் கரையில் பேய்க்கணவாயும் அதைப் பிடித்துத் தின்றது பதிவாகியுள்ளது. கண்ணுக்குத் தெரிகின்ற இந்த எதிரிகள் ஒருபுறம் இருக்க, தெரியாதவையும் உண்டு. தாயகத்தில் சிங்கமீனின் உடலில் காணப்படும் ஒட்டுண்ணிகள் அத்திலாந்திக்கில் மிகக் குறைவு. வேட்டைக்காரனை அறிந்த சிறு மீன்களும் ஒருவகையில் எதிரிகளே. இரை விலகி ஓடினால் வேட்டைக்காரனுக்குப் பசி.

கலவாயின் கதை நீண்டது. 2008இல் பகாமாசில் பிடிபட்ட உள்ளூர்க் கலவாய்களின் வயிற்றில் சிங்கமீன் கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது பலருக்கு நம்பிக்கை பிறந்தது. பகாமாசில் எக்சுமா என்றொரு கடற் பூங்கா உண்டு. 1986 முதல் அங்கே மீன்பிடிக்க முழுத் தடை. அதனால் பெரிய கலவாய்கள் அங்கே நிறைய. அப்பூங்காவில் சிங்கமீன் குறைவாக இருப்பதாக 2011இல் ஓர் ஆய்வு கூறியது. 2013இல் கரீபியன் பகுதியில் 71 பாறைத் திட்டுகளைப் பார்த்த இன்னொரு குழு, கலவாயின் தொகைக்கும் சிங்கமீனின் தொகைக்கும் தொடர்பே காணவில்லை என்றது. இரு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் புரிவது இதுதான்: ஒரே எதிரி ஒரு மீனை அடக்குவதில்லை. ஊரில் அதைச் சுற்றி நின்றது ஒரு கூட்டம். புது இடத்தில் அக்கூட்டம் கூடுவதற்குக் காலம் எடுக்கும். 2017இல் மெக்சிக்கோ வளைகுடாவின் வடபகுதியில் சிங்கமீன்களின் தோலில் புண்கள் காணப்பட்டன. அதையடுத்து அங்கே அவற்றின் தொகை வீழ்ந்தது. கூட்டத்தில் ஒருவர் வந்து சேர்ந்துவிட்டார் போலும்.

காத்திருக்கப் பொறுமை இல்லாத மனிதர்கள் தாங்களே எதிரியாகப் பார்த்தார்கள். 2009 முதல் சிங்கமீன் வேட்டைப் போட்டிகள் நடக்கின்றன. நஞ்சு முள்ளில்தான், தசையில் இல்லை. முள்ளை வெட்டிவிட்டுச் சமைத்தால் நல்ல வெள்ளை இறைச்சி. சில சுழியோடிகள், குத்திய சிங்கமீனைச் சுறாவுக்கு ஊட்டிப் பழக்கிப் பார்த்தார்கள். சுறா சிங்கமீனைத் தேடக் கற்றதோ இல்லையோ, ஈட்டியோடு வரும் மனிதனைத் தேடக் கற்றுக்கொண்டது.

சரி, ஊரில் உள்ள எதிரியையே அங்கு கொண்டுபோய் விட்டால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். இதே கரீபியனில் அது ஒருமுறை நடந்தது. 1872இல் எஸ்பியூட் என்ற ஜமெய்க்காச் சீனித் தோட்டக்காரர், கரும்பைத் தின்னும் எலிகளை ஒழிக்கக் கல்கத்தாவில் இருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்தார். கீரி எலியையும் தின்றது. ஆனால் எலி மரத்தில் ஏறப் பழகிக்கொண்டது. கீரிக்கு மரம் ஏறுவதில் விருப்பமில்லை. தரையில் கூடுகட்டும் பறவைகள், பல்லிகள், பாம்புகள், கோழிக் குஞ்சுகள் எல்லாம் அதற்கு எளிய இரையாயின. கீரியும் பாம்பும் போல என்று நாம் பழமொழி சொல்கிறோம். ஆனால் கீரி பாம்பை மட்டும் தின்னும் என்று நம் முன்னோர் சொன்னதில்லை. எல்லாம் தின்னும் ஒன்றை எதிரியாக அழைத்து வந்தால், அது வந்த வேலையோடு நிற்காது. கலவாயும் அஞ்சாளையும் அப்படிப்பட்டவைதான். கடலில் விட்டபின் திரும்பப் பிடிக்கவும் இயலாது.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. அதில் இலங்கைக்கும் தமிழகத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

நாகதாளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. தமிழகத்தில் சப்பாத்திக்கள்ளி என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஒரு கனவு இருந்தது. கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியில் இருந்து கிடைக்கும் செஞ்சாயம் அப்போது பொன்னுக்கு நிகர். அதன் வாணிகம் முழுவதும் ஸ்பானியர் கையில். அதை உடைப்பதற்காகச் சென்னையில் டொக்டர் ஜேம்ஸ் அண்டர்சன் என்பவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே வளர்த்தார். 1795இல் கப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலில் இருந்து பூச்சியைக் கொண்டுவந்து வங்காளத்தில் சேர்ப்பித்தார். ஆனால் வந்தது சாயப் பூச்சி அல்ல, அதன் உறவுப் பூச்சி. சாயம் மட்டமாக இருந்தது. கம்பனியின் கனவு கலைந்தது. பூச்சியோ தன் வேலையைத் தொடர்ந்தது. ஒருவகை நாகதாளியின் சாற்றை உறிஞ்சி, காடு காடாக அதைச் சாய்த்தது.

பிறகுதான் மனிதருக்கு அறிவு வந்தது: சாயத்துக்கு உதவாத பூச்சி களையை அழிக்க உதவுமே! பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதை வேண்டுமென்றே தென்னிந்தியாவுக்கும், 1865 அளவில் இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். இலங்கையில் அந்த நாகதாளி இனம் அடங்கியது. ஒரு களையை அடக்குவதற்கென்றே அதன் பூச்சியை நாடுவிட்டு நாடு கொண்டுசென்று வெற்றி கண்ட முதல் நிகழ்வுகளாக உலக வேளாண்மை நூல்கள் இவற்றைக் குறிக்கின்றன. 1896இல் இலங்கையில் இருந்த பூச்சியியல் அறிஞர் ஏர்னஸ்ட் கிறீன் அப்பூச்சியை விவரித்தபோது அதற்குச் சிலோனிக்கஸ் என்று பெயரிட்டார். தென்னமெரிக்காப் பூச்சி, பெயரோ இலங்கைப் பூச்சி.

கதை அதோடு முடியவில்லை. கரையோரங்களிலும் வறண்ட பிரதேசங்களிலும் பரவியிருந்தது வேறொரு நாகதாளி இனம். அதைச் சிலோனிக்கஸ் தொடவில்லை. ஒரு கள்ளிக்கும் இன்னொரு கள்ளிக்கும் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், பூச்சிக்குத் தெரியும். அந்த இனத்துக்கு உரிய வேறு பூச்சியை 1924இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். 1926இல் அது இலங்கையில் இருந்து தென்னிந்தியாவுக்குச் சென்றது. சில ஆண்டுகளில் அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் முட்காடு விழுந்து, ஆடுமாடு மேயும் நிலமானது.

கீரிக்கும் இப்பூச்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கீரிக்குக் கிடைத்ததெல்லாம் உணவு. பூச்சிக்குக் கள்ளி மட்டுமே உணவு. அதிலும் தனக்குரிய கள்ளி மட்டும். கள்ளி குறைந்தால் பூச்சியும் குறையும். ஊரில் விட்டுவந்த எதிரியை அழைப்பதென்றால் இப்படிப்பட்டவரைத்தான் அழைக்க வேண்டும்.

அழைப்பதற்கு முன் பெயர் சரியாகத் தெரிய வேண்டும். அதற்கும் இலங்கையிலேயே பாடம் இருக்கிறது. ஆகாயத்தாமரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இங்கே வந்தது. அது பரவும் வேகத்தைக் கண்ட அரசு 1909இல் அதற்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது, ஆகாயத்தாமரை குளத்தில் இருந்தது. 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கு மாணவர் கற்பதற்காகச் சல்வீனியா என்ற நீர்ச்செடி வந்தது. அது தப்பி வயல்களையும் கால்வாய்களையும் மூடியது.

சல்வீனியாவின் எதிரியைத் தேடியவர்கள் நெடுங்காலம் தோற்றார்கள். அச்செடியை அவர்கள் ஏற்கனவே அறிந்திருந்த வேறோர் இனம் என்று கருதி, அந்த இனம் வாழும் இடங்களில் பூச்சி தேடியதே காரணம். 1970களில் ஒருவகை வெட்டுக்கிளியை இலங்கையிலும் விட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. 1972இல்தான் இது தனி இனம் என்று உறுதியாகிப் புதுப் பெயர் பெற்றது. பிறகு அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதன் உண்மையான ஊரைத் தென்கிழக்குப் பிரேசிலில் கண்டுபிடித்தார்கள். அங்கே அதைத் தின்றுகொண்டிருந்தது ஓர் அரிசியளவும் தேறாத கூன்வண்டு. அந்த வண்டையும் முதலில் வேறு இனம் என்றே எண்ணினார்கள்; 1985இல் அதற்கும் புதுப் பெயர் வந்தது. 1986இல் வண்டு இலங்கைக்கு வந்தது. சில ஆண்டுகளில் பல குளங்களில் சல்வீனியா பழுப்பாகி அமிழ்ந்தது. செடியின் பெயரிலும் வண்டின் பெயரிலும் இருந்த குழப்பம் தீர்ந்த பின்னரே குளம் தெளிந்தது. பெனற்றைப் போல மீனுக்கு முன்னால் அமர்ந்து முள் எண்ணுபவர்களைப் பார்த்து வேலையற்றவர்கள் என்று நகைப்போருக்காக இதைச் சொல்கிறேன்.

இனி எங்கள் வேலியோரத்துக்கு வருவோம். பார்த்தீனியம் எப்படி வந்தது? 1987இல் இந்திய அமைதி காக்கும் படையினர் வந்தபோது, அவர்களின் உணவுக்கென வந்த ஆடுகளோடும் வாகனங்களோடும் விதை வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. இலங்கையில் அது முதன்முதலாகப் பதிவானது 1999இல், வவுனியாவில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள் அதற்குப் பெயர் சொல்ல ஆளிருக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சிலர் இது இந்தியா வேண்டுமென்றே விதைத்தது என்பார்கள். இந்தியாவில் கேட்டால் 1950களில் அமெரிக்கா அனுப்பிய கோதுமையோடு வந்தது என்று அவர்கள் அமெரிக்காவை நோவார்கள். செடிக்கு இந்த வழக்கு எதுவும் தெரியாது. ஒரு செடி பதினையாயிரம் விதைக்கு மேல் தரும். காற்றும் வெள்ளமும் வாகனச் சில்லும் கொண்டுபோகும். தொட்டால் பலருக்குத் தோல் அரிப்பு, சிலருக்குச் சுவாசத் தொல்லை. மாடு விரும்பித் தின்னாது.

இந்தியாவில் அதன் எதிரியை அழைத்திருக்கிறார்கள். மெக்சிக்கோவில் பார்த்தீனியத்தின் இலையைத் தின்னும் வண்டு ஒன்றை 1984இல் பெங்களூரில் விட்டார்கள். சில ஆண்டுகளில் அங்கே செடி குறைந்தது. 1990களில் அவ்வண்டு சூரியகாந்தி இலையைக் கடிப்பதாகப் பெரும் சர்ச்சை எழுந்து, அரசு நிபுணர் குழு அமைக்க வேண்டியதாயிற்று. பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலையில் படிந்திருந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆனால் வறண்ட மாதங்களில் வண்டு மண்ணுக்குள் உறங்கிவிடும். செடி உறங்குவதில்லை. எனவே அந்த வண்டு ஒரு துணை. முழுத் தீர்வு அல்ல. சிங்கமீனில் கண்டதே இங்கும்: ஓர் எதிரி போதாது, கூட்டம் வேண்டும்.

அப்படியானால் எங்கள் மண்ணில் அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கக் கூடும்? என் கணிப்பில் முதலிடம் மண்வெட்டிக்கு. வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒரு சாண் நிலத்தையும் சும்மா விடாதவர். வெங்காயம், புகையிலை, மிளகாய் என்று மாறி மாறிப் பயிரிட்டு, வாரத்துக்கொருமுறை களை பிடுங்குபவர். அவர் நிலத்தில் எந்தக் களையும் பூத்து விதைவிடும் வரை நின்றதில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தது. தோட்டங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. பாதுகாப்பு வலயங்களுக்குள் அகப்பட்டவை பல ஆண்டுகள் கிடந்தன. பார்த்தீனியம் விரும்புவது அப்படிப்பட்ட நிலத்தையே: கிளறப்பட்டு, பின் கைவிடப்பட்ட நிலம். மெக்சிக்கோ வண்டை அது ஊரில் விட்டு வந்தது. இங்கே அதற்கு எதிரியாக நின்றிருக்கக் கூடிய மனிதரை நாங்கள் இழந்திருந்தோம்.

கடலிலும் இதே கணக்குத்தான். சிங்கமீனை இங்கே அடக்கி வைத்திருக்கும் கூட்டத்தில் கலவாய் முக்கியமான ஆள். கலவாய் பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து பெரிதான பின் ஆணாக மாறும் மீன். பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போனால் ஆண் மீன்கள் அற்றுப்போகும். முட்டை இருந்தும் குஞ்சு இராது. கடலின் அடியை வாரிச் செல்லும் இழுவை மடி பெரிதையும் விடாது, சிறிதையும் விடாது. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அடிமட்ட இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. பாக்கு நீரிணையில் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளைப் பற்றி இரு கரையிலும் எழுதிய தமிழ்ச் செய்திகளை அடுக்கினால் ஒரு அறை நிறையும். அவற்றில் வலை அறுந்த கணக்கு இருக்கும், பிடிபட்ட படகின் கணக்கு இருக்கும். பிடிபட்ட காவலரின் கணக்கு இராது. சங்கானைச் சந்தையில் பெரிய கலவாய் விலைப்படும்போது, கடலில் இருந்து ஒரு காவலர் குறைகிறார் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். கரீபியன் மக்கள் தங்கள் கலவாயைத் தின்று தீர்த்த பின்னரே சிங்கமீன் அங்கு வந்தது என்பதை மறக்கலாகாது. தின்னாமல் வைத்திருந்தாலும் வந்திருக்கும்தான். ஆனால் வாசலில் யாரும் இல்லாத வீட்டுக்குள் நுழைவதும், ஆள் நிற்கும் வீட்டுக்குள் நுழைவதும் ஒன்றல்ல.

வடமாகாண சபை இயங்கிய 2013க்கும் 2018க்கும் இடைப்பட்ட காலத்தில் விவசாய அமைச்சு பார்த்தீனியம் ஒழிப்பை ஓர் இயக்கமாக முன்னெடுத்தது. பாடசாலை மாணவரும் ஊர்ச் சங்கங்களும் இறங்கிப் பிடுங்கினர். பிடுங்கிய இடத்தில் அடுத்த மாரிக்கு மீண்டும் முளைத்தது. இதைக் கண்டு சலித்தவர்கள் பலர். மண்ணில் கிடக்கும் விதை ஆண்டுகள் பல உயிரோடு இருக்கும். ஒருமுறை பிடுங்கினால் தீராது. மழைக்குப் பின் முளைத்ததைப் பூக்குமுன் பிடுங்கி எரிக்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அடுத்த மழைக்கு மறுபடியும் அதே வேலை. மூன்று நான்கு மாரி விடாமல் செய்தால் மண்ணில் உள்ள விதைக் கையிருப்பு கரையத் தொடங்கும். வெறும் நிலம் விடாமல் தகரை போன்ற உள்ளூர்ச் செடியையாவது மண்டவிட்டால் அதுவும் பார்த்தீனியத்தை நெருக்கும் என்பதை இந்தியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தை வாசிப்போரில் பாதிக்கு மேல் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் இருப்பவர்கள் என்பது வரும் கடிதங்களில் இருந்து தெரிகிறது. அவர்களில் பலருக்கு வட்டுக்கோட்டையிலோ அதன் அயலிலோ பூட்டிய ஒரு வீடும், வேலி சரிந்த ஒரு வளவும் உண்டு. மதில் கட்டிப் படலைக்குப் பூட்டுப் போட்டால் காணி பாதுகாப்பாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆள் உள்ளே வராமல் மதில் தடுக்கும். விதை வெளியே போகாமல் அது தடுக்காது. பக்கத்துக் காணிக்காரர் மூன்று மாரி பாடுபட்டுத் துப்புரவாக்கிய தோட்டத்துக்கு, ஒரே காற்றில் உங்கள் வளவில் இருந்து மறுபடி விதை போகிறது. அவர் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டார். அடுத்த ஆண்டு தானும் விட்டுவிடுவார்.

ஆகவே உரிமையோடு ஒரு வேண்டுகோள். கோவில் திருவிழாவுக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கை, ஆண்டுக்கு இருமுறை உங்கள் வளவைத் துப்புரவாக்கும் கூலிக்கு ஒதுக்குங்கள். கார்த்திகை மழை தொடங்கி நாலைந்து கிழமைக்குள், பூ விழுமுன், ஆளை இறக்குங்கள். முடிந்தால் காணியை வெறுமனே விடாமல் பயிர் செய்யும் ஒருவருக்குக் குத்தகையின்றியேனும் கொடுங்கள். மெக்சிக்கோ வண்டு வருமா வராதா என்பதை விஞ்ஞானிகள் முடிவு செய்யட்டும். உங்கள் வளவில் மண்வெட்டி இறங்குவதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்.